கோடித் துணியின் பிசிறு

சென்ற தை மாதக் கடைசியில் திருமயத்துக்கு, என் தமக்கை வீட்டுக்குப் போயிருந்தேன். நான் போய் இறங்கிய சமயம் அந்த வீட்டில் ஒரு கால்சட்டையின் பொருட்டுப் பெரிய கலகம் நடந்துகொண்டிருந்தது.

கால்சட்டை என் மருமகனுடையது. பையன் அப்போதுதான் உத்தியோகத்தில் அமர்ந்திருந்தான். முதல் மாதச் சம்பளத்தில் அம்மாவுக்கு ஒரு கண்டாங்கிச் சேலையும், தனக்கு ஒரு நீல ஜீன்ஸும் வாங்கி வந்திருந்தான். சேலையின் விலையைச் சபையில் சொன்னான். ஜீன்ஸின் விலையை என்னிடம் மட்டும் தனியாகச் சொன்னான். அந்தப் பணத்தில் அந்தக் காலத்தில் ஒரு கல்யாணமே நடத்தியிருக்கலாம் என்று சொல்ல வாயெடுத்தேன். வயதாகிவிட்டதோ என்ற பயத்தில் அடக்கிக்கொண்டேன்.

"மாமா, நல்லா ஏமாத்திட்டாங்க. தடவிப் பாருங்க" என்றான்.

தடவினேன். முரட்டுத் துணி, தகரம் மாதிரி விறைப்பு. ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தால் மேலெல்லாம் மெல்லிய ரோமம். பூசணிப் பிஞ்சின்மேல் ஒரு சுணை இருக்குமே, அந்த மாதிரி. பழைய துணியை மறுபடி சாயம் போட்டு விற்றுவிட்டார்கள் என்பது பையனுடைய கட்சி. முதல் நாள் சவர பிளேடால் சுரண்டிப் பார்த்திருக்கிறான். மறுநாள், எரிந்துபோகட்டும் என்று சிகரெட் லைட்டரைக் கொளுத்திக் காட்டியிருக்கிறான். அந்த லைட்டர் அவனிடம் எப்படி வந்தது என்பது கலகத்தின் இரண்டாவது பாகம்; அதற்குள் நான் நுழையவில்லை. முழங்காலுக்கு மேலே மொச்சைக்கொட்டை அளவு ஓட்டை விழுந்திருந்தது.

"கோடித் துணியில நெருப்பு வைப்பானா ஒருத்தன்?" என்று என் தமக்கை முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவள் கவலை நியாயமானதுதான். நம் தமிழில் கல்யாணத்துக்கு எடுக்கும் புதுத் துணியும் கோடி. கடைசியாகப் போர்த்துகிற துணியும் கோடி. ஒரே சொல்லுக்குள் இரண்டையும் வைத்துவிட்டுத் தாய்மார்களை நிம்மதியாக இரு என்றால் எப்படி இருப்பார்கள்?

நான் சமாதானமாக, "அக்கா, பையன் யோசித்தது சரிதான். செய்த விதந்தான் தப்பு. ஆலையிலும் நெருப்பில்தான் பொசுக்குகிறார்கள்" என்றேன். இரண்டு பேரும் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். கதை எழுதுகிறவன் உண்மையைச் சொன்னால் வருகிற பார்வை அது.

ஆனால் உண்மை அதுதான். பஞ்சின் இழை ஓர் அங்குலம், அதற்குச் சற்றே கூடவோ குறையவோ நீளம் உள்ளது. அப்படி ஆயிரக்கணக்கான இழைகளை முறுக்கித்தான் நூல் செய்கிறோம். எவ்வளவு முறுக்கினாலும் சில நுனிகள் அடங்காமல் வெளியே நீட்டிக்கொண்டுதான் இருக்கும். கூட்டுக் குடும்பத்தில் சில பேர் இருப்பதைப் போல. அந்த நுனிகளே பிசிறு. ஆலைகளில் நெய்த துணியைத் தூரிகை உருளைகளால் தடவி, பிசிறை எழுப்பி நிறுத்தி, வரிசையாக எரியும் வாயுச் சுடரின்மேல் நிமிஷத்துக்கு நூறு மீட்டர் போன்ற வேகத்தில் ஓட்டுகிறார்கள். பிசிறு பொசுங்கும், துணிக்குச் சூடு ஏறுமுன் அது சுடரைத் தாண்டிவிடும். உடனே ஈரத்தில் தோய்த்துப் பொறியை அணைத்துவிடுவார்கள். லைட்டரைப் பிடித்துக்கொண்டு ஓரிடத்தில் நின்றால் மொச்சைக்கொட்டைதான் மிச்சம்.

அப்படியானால் இவன் வாங்கிய துணியை ஏன் பொசுக்கவில்லை? இந்தக் கேள்விக்கு நான் விடை சொல்வதைவிட, அதே தெருவில் மகள் வீட்டோடு வந்து தங்கியிருந்த ஒரு பெரியவர் சொன்னதைச் சொல்வது நல்லது. பரமக்குடியில் நாற்பது வருஷம் தறியில் உட்கார்ந்தவர். கால்சட்டையை எடுத்துக்கொண்டு மூவருமாகப் போனோம்.

"வாங்க தம்பி, உக்காருங்க" என்று திண்ணையைத் துண்டால் தட்டினார். துணியை உள்ளங்கையால் தடவவில்லை, புறங்கையால் தடவினார். ஒரு முனையை எச்சில் விரலால் நனைத்துக் கசக்கி முகர்ந்தார்.

"கஞ்சி, பாவுல ஏத்தின கஞ்சி. இன்னும் ஒரு தண்ணிகூடப் பாக்கல இந்தத் துணி. தறியிலேருந்து இறங்கின மேனிக்கு வந்திருக்கு. கஞ்சி இருக்கிற மட்டும் பாதிப் பிசிறு படுத்துக் கிடக்கும். தண்ணி பட்டா எல்லாம் எந்திரிக்கும். அப்புறம் தானாக் கொட்டும். பருத்திப் பிசிறு பலமில்லாதது தம்பி, தேயத் தேய ஒடிஞ்சிடும்."

அவர் சொன்னது அட்சரம் பிசகாத சாஸ்திரம். பாலியெஸ்டர் கலந்த துணியில் பிசிறு ஒடியாமல் சுருண்டு சிறு சிறு முடிச்சாக ஒட்டிக்கொண்டே இருக்கும். சுத்தப் பருத்தியில் அது உதிர்ந்துபோகும். கழுவாத, பொசுக்காத இந்த மாதிரித் துணியைத்தான் மேலான சரக்கு என்று கூடுதல் விலை கொடுத்து வாங்கும் ரசிகர்கள் இன்று ஜப்பானிலும் அமெரிக்காவிலும் இருக்கிறார்கள். பையன் ஏமாறவில்லை. விஷயம் தெரியாமல் உயர்ந்த சரக்கை வாங்கி, அதில் நெருப்பு வைத்துவிட்டான், அவ்வளவுதான்.

குற்றத்தையே குணமாக்கி விற்கும் வித்தையில் நம் சென்னைக்கும் ஒரு பங்கு உண்டு. 1958-ல் நியூயார்க் புரூக்ஸ் பிரதர்ஸ் கடையில் விற்ற சென்னைக் கைத்தறிச் சட்டைகள் துவைத்ததும் சாயம் விட்டன. வாங்கியவர்கள் சண்டைக்கு வந்தார்கள். பிறகு, 'இது சாயம் விடும் என்று உத்தரவாதம் தருகிறோம்' என்கிற பாணியில் விளம்பரம் செய்து அதையே மோஸ்தர் ஆக்கிவிட்டார்கள் என்று ஜவுளிக்காரர்கள் இன்னும் சிரித்துக்கொண்டே சொல்வார்கள்.

பெரியவர் பேச்சை விட்டு எங்கோ போகிறேன். அவர் பாவுத் தெருவைப் பற்றிச் சொன்னார். விடியுமுன் தெரு நீளத்துக்குப் பாவை விரித்துக் கட்டி, கஞ்சியைத் தோய்த்து, பாவாற்றியால் இரண்டு பேர் இரு பக்கமும் ஒரே போக்கில் நீவிக்கொண்டே நடப்பார்களாம். வெயில் ஏறுமுன் முடித்துவிட வேண்டும். ஏறிவிட்டால் இழை ஒன்றோடொன்று ஒட்டிப் போகும். மழை வந்தாலோ அன்றைய கூலி போச்சு. அந்த நீவலின் நோக்கம் ஒன்றுதான்: பிசிறைப் படுக்கவைப்பது. பிசிறு நின்றால் விழுதில் மாட்டும். மாட்டினால் இழை அறும். "பிசிறை ஜெயிச்சவன்தான் தம்பி நெசவாளி" என்றார்.

அதன்பின் துணி வண்ணாரிடம் போகும். நெய்கிறவர் ஏற்றிய கஞ்சியை அவர் இறக்குவார்; இறக்கி வெளுத்துவிட்டு, கட்டுகிறவர்களுக்காக வேறு கஞ்சி ஏற்றுவார். இது நேற்றைய சமாசாரம் அல்ல. குறுந்தொகையின் 330-ம் பாட்டில், கழார்க்கீரன் எயிற்றியனார் என்ற புலவர், துணியைப் பசையில் தோய்த்தெடுத்து, அடித்துத் துவைத்து, குளிர்ந்த குளத்து நீரில் முறுக்கோடு போடும் ஒரு புலைத்தியைக் காட்டுகிறார். பகன்றைப் பூவின் மொட்டுக்கு அந்த முறுக்கு உவமையாகிறது. பாட்டு பிரிந்துபோன காதலனைப் பற்றியது. எனக்கென்னவோ படிக்கும்போதெல்லாம் அந்தக் குளத்தங்கரைப் பெண்ணின் கைதான் கண்ணில் நிற்கிறது. உவமைக்கு வந்து போகிறவள், பேர் கிடையாது.

மாலையில் மருமகனை அழைத்துக்கொண்டு கோட்டைமேல் ஏறினேன். வீட்டில் கலகம் ஆற அவகாசம் வேண்டியிருந்தது. இராமநாதபுரம் சேதுபதி 1687-ல் கட்டிய கோட்டை. ஊமைத்துரையின் பேரால் ஊமையன் கோட்டை என்றும் சொல்வார்கள். பாறைமேல் பீரங்கி ஒன்று கிழக்கே பார்த்துக்கொண்டிருக்கிறது. அதன் பக்கத்தில் உட்கார்ந்தபோது எனக்கு ஒரு வருஷக் கணக்கு நினைவுக்கு வந்தது. இந்தச் சுவர்கள் எழுவதற்குச் சரியாக ஒரு வருஷம் முன்பு, 1686-ல், பிரெஞ்சு தேசத்து ராஜா நம் அச்சுத் துணிகளை உள்ளே விடாதே என்று தடை போட்டார். அந்த ஊர் நெசவாளர்கள் பிழைக்க முடியவில்லையாம். 1759 வரை தடை நீடித்தது. இங்கிலாந்தும் 1700-லும் பிறகு 1720-லும் சட்டம் போட்டது. சேதுபதி கோட்டை கட்டிக் கொள்ளையரைத் தடுத்தார் என்றால், அவர்கள் சட்டம் கட்டி நம் சேலைத்துணியைத் தடுத்தார்கள்.

சோழமண்டலக் கரையெங்கும் அந்தக் காலத்தில் நெசவு மட்டுமல்ல, நெய்த துணியைப் பக்குவம் செய்வதும் பெரிய தொழில். சென்னை வண்ணாரப்பேட்டை வீட்டு அழுக்குத் துணிக்காக ஏற்பட்ட பேட்டை என்று பலர் நினைக்கிறார்கள். கும்பினியார் கப்பலில் ஏற்றப்போகும் காரிக்கன் துணிகளை வெளுத்துக் கொடுத்தவர்களின் குடியிருப்பு அது. 1734-ல் பிட் என்ற கவர்னர் சிந்தாதிரிப்பேட்டையை ஏற்படுத்தியபோதும் நூற்பவர், நெய்பவர், சாயமிடுவோர், வெளுப்பவர் எல்லாரையும் சேர்த்தே குடியேற்றினார்கள். வெளுத்த துணியை மடித்துக் கட்டைமேல் வைத்துக் கட்டையாலேயே அடிப்பார்கள். பிசிறு அமுங்கி, இழை தட்டையாகி, மேலே ஒரு மினுமினுப்பு வரும்.

அடித்தவர்களில் ஒருவர்கூட இதைப்பற்றி எழுதி வைக்கவில்லை. எழுதியவர் கேர்தூ என்ற பிரெஞ்சுப் பாதிரியார். சமஸ்கிருதத்துக்கும் லத்தீனுக்கும் உறவு உண்டு என்று முதலில் கண்டு சொன்னவர்களில் அவர் ஒருவர். அதே மனிதர், 1742-ல் இங்கிருந்து எழுதிய கடிதத்தில், தாம் ஞானஸ்நானம் செய்வித்த சாயக்காரர்களிடம் கேட்டறிந்த தொழில் ரகசியங்களை ஒவ்வொரு படியாக விவரித்து ஊருக்கு அனுப்பினார். பாதி வெளுத்த துணியை, கடுக்காய் அரைத்துக் கலந்த எருமைப்பாலில் தோய்த்துக் காயவைக்க வேண்டும். பிறகு மடித்து, வழவழப்பான பலகைமேல் வைத்து, கட்டையால் புரட்டிப் புரட்டி அடிக்க வேண்டும். அப்போதுதான் கோடு எழுதும் கோல் பிசிறில் தட்டாமல் ஓடும். பாலின் கொழுப்பு சாயம் பரவாமல் பிடித்துக்கொள்ளும். பாதிரியார் நல்ல மனிதர்தான். ஆனால் நம்பிச் சொன்னவர்களுக்கு அந்தக் கடிதத்தால் என்ன லாபம் என்று யோசித்தால் மனம் கொஞ்சம் கசக்கிறது.

நீலத்துக்கு வருகிறேன், மருமகனின் கால்சட்டைக்கு உண்மையான பாட்டனார் அங்கேதான் இருக்கிறார். புதுச்சேரியில் கினே என்று ஒரு நீலத் துணி தயாராயிற்று. சாதாரணப் பருத்தித் துணி; அவுரிச் சாயத்தில் கறுப்போ என்று தோன்றும்வரை தோய்த்துத் தோய்த்து எடுத்து, அடித்து மெருகேற்றியது. இதை நம் ஊரில் யாரும் கட்டவில்லை. கப்பலில் பிரான்சுக்குப் போய், அங்கிருந்து மேற்கு ஆப்பிரிக்காவின் செனகால் ஆற்றங்கரைக்குப் போகும். பாலைவனத்து மூர்கள் அதைத்தான் கேட்டார்கள். தொட்டுப் பார்த்து, மோந்து பார்த்து, பளபளப்பைப் பார்த்து வாங்கினார்கள். வேறு இடங்களில் போலி செய்து கொண்டுபோய்க் காட்டினார்கள். மூர்களின் மூக்கை ஏமாற்ற முடியவில்லை. ஆற்றங்கரையில் அது துணியாக மட்டும் இல்லை, நாணயமாகவே நடமாடிற்று. ஒரு பொருளின் விலை இத்தனை கினே என்றுதான் பேச்சு. 18-ம் நூற்றாண்டில் மனிதர்களையும் அதே துணியை அளந்து கொடுத்து வாங்கினார்கள். கப்பலில் அடைத்து அமெரிக்கத் தோட்டங்களுக்கு அனுப்பினார்கள். புதுச்சேரியில் குனிந்து துணியை அடித்துக்கொண்டிருந்தவருக்கு இது தெரிந்திருக்க வழியில்லை.

மூர்கள் பதிலுக்குக் கொடுத்தது என்ன தெரியுமா? வேல மரத்துப் பிசின். பிசினை ஐரோப்பாவில் எதற்கு வாங்கினார்கள் என்றால், துணியில் அச்சுச் சாயத்தைக் கெட்டிப்படுத்தவும், துணிக்கு விறைப்பும் மெருகும் ஏற்றவும். அதாவது, நம்மவர்கள் பிசிறு அடக்கி மினுக்கிய நீலத் துணியைக் கொடுத்துப் பிசின் வாங்கி, அந்தப் பிசினால் தங்கள் ஆலைத் துணிக்கு மினுக்கு ஏற்றி, அந்த ஆலைத் துணியை நம்மவர்களுக்கே விற்று, நம்மவர்கள் தறியை நிறுத்தினார்கள். நாவலில் இப்படி ஒரு முடிச்சைப் போட்டால், இவ்வளவு தற்செயல் நம்பும்படி இல்லை என்று பத்திரிகாசிரியர் திருப்பி அனுப்பிவிடுவார்.

யந்திரமும் சும்மா இருக்கவில்லை. 1817-ல் இங்கிலாந்தில் ஸாமுவேல் ஹால் என்பவர், வாயுச் சுடரின்மேல் லேஸ் துணியைச் செலுத்திப் பிசிறைப் பொசுக்கும் முறைக்கு உரிமைப் பட்டயம் வாங்கினார். கட்டை செய்த வேலையை நெருப்பு எடுத்துக்கொண்டது. 1828-ல் புதுச்சேரிக்கே நூல் ஆலை வந்தது, சவானா ஆலை. கைராட்டை நூலின் இடத்தை ஆலை நூல் பிடித்தது. அந்த ஆலையில்தான் 1936 ஜூலை 30-ம் தேதி, வேலைநிறுத்தம் செய்த தொழிலாளர்கள்மேல் துப்பாக்கிப் பிரயோகம் நடந்து பன்னிரண்டு பேர் மாண்டார்கள். அதன் பிறகே எட்டு மணி நேர வேலை சட்டமாயிற்று.

கோட்டையிலிருந்து இறங்கும்போது, "அப்போ நம்ம ஊருல யாரும் திருப்பி அடிக்கலையா மாமா?" என்று பையன் கேட்டான். இந்த ஊரில் நின்றுகொண்டு அப்படிக் கேட்கலாமா? 1887 ஆகஸ்டு 19-ம் தேதி சத்தியமூர்த்தி பிறந்தது இதே திருமயத்தில். அவர் காலத்துக் காங்கிரஸ் அடித்த அடி கதர். அதில் வேடிக்கை, கதர்தான் உலகத்திலேயே பிசிறு மிகுந்த துணி. கைராட்டையில் முறுக்கு ஒரே சீராக ஏறாது, இழை அடங்காது. 1924 டிசம்பரில் பெல்காமில் காந்தி தலைமையில் கூடிய காங்கிரஸ், உறுப்பினராக வேண்டுமானால் மாதம் 2,000 கஜம் நூல் கொடு என்று விதி செய்தது. சத்தியமூர்த்தி சார்ந்திருந்த ஸ்வராஜ்யக் கட்சியில் பலருக்கு இது வேப்பங்காய். சட்டசபையில் சிங்கம்போல் கர்ஜிக்கிறவர்களை ராட்டை முன் உட்கார் என்றால்? மறு வருஷமே விதி தளர்ந்தது. ஆனாலும் 1927 செப்டம்பரில், இங்கிருந்து ஒரு கல்லெறி தூரமான செட்டிநாட்டில், சீமைச் சாமான் நிறைந்த மாளிகைகளுக்குள்ளே புகுந்து காந்தி கதருக்குப் பணம் திரட்டிக்கொண்டு போனார்.

என் தாத்தா கதர் கட்டியவர். அவர் சட்டையைத் தொட்டால் கையில் சுணை குத்தும் என்று நாங்கள் அவர் மடியில் உட்காரமாட்டோம். தெருவில் அவருக்குக் 'கம்பளிப்பூச்சி' என்று பட்டப் பெயர் இருந்தது. அவருக்கும் அது தெரியும். ஒரு கல்யாண வீட்டில், பெண் வீட்டார் அவரைப் பந்தலின் கோடியில் உட்காரவைத்தார்கள். "துணி முரடு, ஆள் அப்படியில்லையே" என்று பாட்டி வீட்டுக்கு வந்து அழுதாளாம். தாத்தா அந்தச் சட்டையைக் கிழியும்வரை போட்டார். கடைசியில் அது மல்லைப்போல மெத்தென்று ஆகிவிட்டது. அதைக் கிழித்துத்தான் என் தாயாருக்குத் தொட்டில் கட்டினார்கள்.

ஜீன்ஸின் பூர்வீகமும் கூலிக்காரனுடையதுதான். 1873 மே 20-ம் தேதி, லீவை ஸ்ட்ராஸ் என்ற ஜவுளி வியாபாரியும் ஜேக்கப் டேவிஸ் என்ற தையற்காரரும், பையின் ஓரங்களில் செப்புக் குமிழ் அறைந்த கால்சட்டைக்கு அமெரிக்காவில் உரிமை வாங்கினார்கள். உழைக்கிறவனின் பை கிழிந்துபோகாமல் இருக்க அது வழி. பம்பாய் டோங்கிரியின் முரட்டுத் துணியால் 'டங்கரி' என்று ஒரு வார்த்தையே இங்கிலீஷில் ஏறியது. அதுவும் மாலுமிக்கும் கூலிக்கும் ஆன துணி. பிற்பாடு அது கனவான் துணி ஆயிற்று. ஆனவுடனே முரடு இருக்கக் கூடாது, விறைப்பு இருக்கக் கூடாது, பிசிறு இருக்கக் கூடாது. கடையில் வாங்கும்போதே பத்து வருஷம் உழைத்தவன் போட்டதுபோல் இருக்க வேண்டும்!

இதற்காகப் படும் பாட்டைக் கேளுங்கள். எரிமலைக் கல்லைப் போட்டு உருட்டுகிறார்கள். பிசிறைத் தின்னும் நொதியில் ஊறவைக்கிறார்கள். மணலைப் பீய்ச்சி அடித்து முழங்காலை வெளிறச் செய்தார்கள். துருக்கியில் அந்த மணல் தூசியைச் சுவாசித்து இளம் பையன்கள் நுரையீரல் கல்லாகிச் செத்தார்கள். 2009-ல் அங்கே அந்த முறைக்குத் தடை வந்தது. நம் பக்கத்தில், ஒரு காலத்தில் கதர் விளைந்த திருப்பூரில், சாய, சலவைக் கழிவால் நொய்யல் ஆறே கெட்டு, 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் நூற்றுக்கணக்கான பட்டறைகளை மூடச் சொல்லி உத்தரவிட்டது. வயலும் கிணறும் போன குடியானவர் ஒரு பக்கம், வேலை போன தொழிலாளி மறு பக்கம். இரண்டு பேருடைய அழுகையும் நியாயமான அழுகைதான்; இதில் யார் பக்கம் பேசுவது என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

மறுநாள் காலையில் பெரியவர் தாமே வீட்டுக்கு வந்துவிட்டார். ஓட்டைக்கு உள்பக்கமாகத் துண்டு வைத்து, அந்தத் துணியின் ஓரத்திலிருந்தே நூல் உருவி இழை இழையாகக் கோத்துக் கொடுத்தார். கண்ணாடி கூடப் போட்டுக்கொள்ளவில்லை. பிறகு பையனுக்குக் கட்டளைகள் பிறந்தன. துணியை உள்புறம் வெளியே திருப்பு. பச்சைத் தண்ணீரில் ஊறவை; வெந்நீர் வேண்டாம், சுருங்கிப் போகும். கல்லில் அடிக்காதே. தனியாகத் துவை, வெள்ளை வேட்டியைப் பக்கத்தில் கொண்டுவராதே. நிழலில் உலர்த்து. உலர்ந்தபின் மெல்லிய பிரஷால் ஒரே போக்கில் நீவிவிடு, எதிர்ப்போக்கில் நீவாதே. பிளேடு, நெருப்பு இரண்டும் கூடாது.

"எவ்வளவு நாள் ஆகும் தாத்தா?"

"போட்டுக்கிட்டு வேலை பாரு. நாலு துவைப்பு, அஞ்சு துவைப்பு."

பித்தளை அண்டாவில் தண்ணீர் ரொப்பி என் தமக்கை அதை முக்கினாள். முதலில் மேலே மிதந்தது. பெரியவர் சட்டைக் கையை மடித்துக்கொண்டு, இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டார். குமிழி குமிழியாகக் காற்று வெளியே வந்தது. கொஞ்ச நேரத்தில் தண்ணீர் நீலமாயிற்று. அரிசி கழுவின வாடை ஒன்று எழுந்தது.

"கஞ்சி இறங்குது" என்றார். பையன் குனிந்து மோந்து பார்த்தான்.

நான் மத்தியானப் பஸ்ஸுக்குப் புறப்பட்டபோது கால்சட்டை கொல்லைக் கொடியில் நிழலில் தொங்கிக்கொண்டிருந்தது. கீழே சொட்டின தண்ணீர் வாழைப் பாத்திவரை நீலமாய் ஓடியிருந்தது. பெரியவர் திண்ணையில் உட்கார்ந்து, நகக்கண்களில் ஏறிவிட்ட நீலத்தை ஈர்க்குச்சியால் நோண்டிக்கொண்டிருந்தார். "பரமக்குடியை விட்டப்புறம் இப்பத்தான் தம்பி மறுபடி ஏறியிருக்கு" என்று இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினார்.